பட்டாளத்து ஓர்மைகளைச் சேர்த்து வைப்பது எப்படி

குமரி மாவட்டத்தில் எந்த ஊருக்குள் போனாலும் ஒரு பட்டாளக்காரர் வீடு இருக்கும். விளவங்கோடு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்தாலும் சரி, கடற்கரையில் குருசடிக்குப் பக்கத்தில் இருந்தாலும் சரி, அந்த வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி கிடக்கும். மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். பெட்டிக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. 1971 பாகிஸ்தான் போரில் இருபது வயதில் இருந்தவர் இன்றைக்கு எழுபத்தைந்தை ஒட்டி நிற்கிறார். அவர் சொல்லத் தயார்தான், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் நமக்கு நேரம் இல்லை. இந்த வருடமாவது உட்காருங்கள். எப்படி உட்காருவது, எதைக் கேட்பது, கேட்டதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

என் அப்பா நேவி. 1971-ல் பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்தில் பாய்லர் ரூமில் இருந்தவர். எங்களுக்குக் குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது உயிர் தப்பினால் போதும் என்று ஓடிய ஓட்டத்தில் பெட்டியை யார் நினைத்தார்கள்? போட்டோ, கடிதம், பதக்கம் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அதற்குப் பிறகு நாலைந்து வருடம் அப்பா கப்பலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் மார்த்தாண்டத்தில் அவருடைய ஷிப்மேட் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். ஹாலில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருந்தது, அதில் மூன்றாவது வரிசையில் அப்பா. எங்கள் வீட்டில் போன அதே போட்டோ. கப்பலில் குரூப் போட்டோ எடுத்தால் அதில் நிற்கிற ஆட்கள் ஆளுக்கொரு காப்பி வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்பாவின் பட்டாளத்து வாழ்க்கையில் பாதிதான் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும், மீதி யார் யாருடைய பெட்டியிலோ கிடக்கிறது. அந்த மீதியைத் தேடிப் போவதுதான் இதில் முக்கியமான வேலை.

பேச்சை எங்கே தொடங்குவது

'சண்டையில என்ன நடந்துச்சு?' என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும், முப்பது வருடமாக எல்லாரிடமும் சொன்ன இரண்டு நிமிடப் பதில். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஊரிலிருந்து முதல்முதலாகப் போன நாளைக் கேளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், திருநெல்வேலிப் பாதை 1981-ல். அதற்கு முன்னால் பட்டாளத்துக்குப் போனவர்கள் எல்லாம் பஸ் பிடித்துத் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போய்த்தான் ரயில் ஏறியிருக்கிறார்கள். யார் பஸ் ஏற்றிவிட வந்தார்கள், அம்மா அழுதாளா, பையில் என்ன இருந்தது, எந்த ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு தமிழ் பேச ஆள் இல்லாமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் ஆட்கள் லீவு முடிந்து திரும்பும்போது முந்திரிக்கொத்தும் பலாச்சக்கை வற்றலும் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த முந்திரிக்கொத்தை முதல்முதலாகக் கடித்துப் பார்த்த பஞ்சாபிக்காரரைப் பற்றி அப்பா ஒரு முழு மதியம் பேசினார், அந்தப் பேச்சின் நடுவில்தான் அந்தப் பஞ்சாபிக்காரர் பின்னால் என்ன ஆனார் என்பதும் வந்தது. நான் நேராகக் கேட்டிருந்தால் அது வந்திருக்காது.

சாப்பாடு, தூக்கம், குளிர், ஹிந்தி தெரியாமல் பட்ட பாடு, முதல் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பிய மணியார்டர், படாகானா என்கிற பட்டாளத்து விருந்து அன்றைக்கு என்ன போட்டார்கள், இப்படித்தான் கேட்க வேண்டும்.

காலையில் டீ குடித்த பிறகு உட்காருவது நல்லது. இரவில், அதுவும் கேன்டீன் பாட்டில் திறந்த பிறகு பதிவு செய்யாதீர்கள், மறுநாள் அவருக்கே அது பிடிக்காது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த தோர்த்துத் துண்டின் மேல் அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். மேஜையில் நேராக வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் எல்லாம் இடி மாதிரி விழும். ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைக்கலாம், கடற்கரை வீடு என்றால் காற்று வராத உள்ரூமுக்குப் போய்விடுங்கள். அரை மணி நேரம் போதும். தொடங்கும்போதே தேதி, இடம், யார் யார் இருக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்கிறவர்களுக்கு அது இல்லாமல் ஒன்றும் புரியாது. பதிவு செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைத்துப் பதிவு செய்வது அவருக்குச் செய்கிற அவமரியாதை.

'ஓர்ம இல்ல மக்களே' என்று ஒரு இடத்தில் சொல்வார். அங்கே விட்டுவிடாமல் ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பஜாஜ் வி மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான். விக்ராந்தை 1997 ஜனவரி 31 அன்று பணியிலிருந்து விடுவித்து, மும்பையில் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாக வைத்திருந்து, கடைசியில் உடைத்துவிட்டார்கள். அந்த இரும்பு கலந்து செய்த வண்டி அது. அதைச் சொன்னதும் அப்பா எழுந்து போய் டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயிலில் நின்ற வண்டி, டாங்கு நல்ல சூடு. 'இந்தச் சூடெல்லாம் ஒரு சூடா' என்று தொடங்கியவர் பாய்லர் ரூமைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் போனை எடுக்க வீட்டுக்குள் ஓடினேன். அதனால் சொல்கிறேன், பதிவுக்கு என்று நேரம் குறித்து உட்காருவது ஒரு பக்கம் இருக்கட்டும், போனில் எப்போதும் இடம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருப்பது

பெட்டி இருக்கிற வீட்டுக்காரர்கள் அதை அவர் இல்லாதபோது திறக்காதீர்கள். அவர் கையால்தான் திறக்க வேண்டும், ஒவ்வொன்றாக அவரே எடுத்துத் தரட்டும். நீங்கள் வாங்கி, எடுத்த வரிசையிலேயே போட்டோ பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வராந்தாவில் நிழலான பகல் வெளிச்சம் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, டிரேடு, வாங்கிய பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். நேவிக்காரர்களின் சர்வீஸ் சான்றிதழில் எந்தக் கப்பலில் எப்போது இருந்தார் என்பதும் வரிசையாக இருக்கும், அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தாலே ஒரு வாரத்துக்குப் பேச்சு வரும்.

அடுத்தது பதக்கம். வட்டமான பதக்கங்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், நட்சத்திர வடிவில் இருந்தால் பின்புறம் பாருங்கள். 1971-ல் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார், அதோடு சங்க்ராம் மெடல். சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்குக் கொடுத்தது, 9 வருடம், 20 வருடம் பணி செய்ததற்குக் கொடுத்தது என்று வேறும் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் போன பாட்டா இருந்த வீடுகளில் பர்மா ஸ்டார் கிடைக்கலாம். எந்தப் பதக்கம் என்று தெரிந்தாலே அவர் எங்கே இருந்தார் என்பது பாதி தெரிந்துவிடும். இவற்றை பிராஸ்ஸோ போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள், விளிம்பில் இருக்கிற எழுத்து தேய்ந்து போகும். அவரே தேய்க்கிறார் என்றால் தடுக்க வேண்டாம், அது அவர் இருபது வருடம் செய்த வேலை.

கடிதம் இருந்தால் உறையோடு வையுங்கள். பட்டாளத்து முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது, யூனிட் பெயருக்குக் கீழே '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்றுதான் இருக்கும், ஏ.பி.ஓ. என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ். 56 வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கு, 99 கிழக்குப் பகுதிகளுக்கு. அவர் இருந்த இடம் வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும். ஆனால் தபால் முத்திரையில் ஒரு எண்ணும் தேதியும் இருக்கும், அதையும் தெளிவாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு அவரோடு உட்கார்ந்து ஒத்துப் பார்க்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் பூஞ்சைக்கும் பஞ்சம் இல்லை. பழைய ஆல்பத்தில் ஒட்டிய போட்டோவைப் பிய்க்காதீர்கள், தாளோடு சேர்த்தே படம் பிடித்துவிடுங்கள். போட்டோவின் பின்னால் பென்சிலில் பெயர் எழுதுங்கள், பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறும்.

வீட்டில் இருந்தவர்கள்

பட்டாளக்காரரைப் பற்றிப் பதிவு செய்கிற பலரும் அடுக்களையில் நிற்கிறவரைக் கேட்பதே இல்லை. இது பெரிய தப்பு. நான் முதலில் எடுத்த ஆறு பதிவிலும் அம்மாவின் குரல் 'சாப்பிட வாங்க' என்று மட்டும்தான் இருக்கிறது, அதை இப்போது கேட்டால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

1971 டிசம்பர் முழுவதும் அம்மா ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். 9-ஆம் தேதி நம் நேவியின் குக்ரி கப்பல் டையூவுக்கு அப்பால் மூழ்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போன செய்தி ஊருக்கு வந்தபோது, அப்பா இருப்பது வேறு கப்பல், வேறு கடல் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கப்பல் என்றால் கப்பல்தான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம், தந்தியாக இருந்தால் வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று. தந்தி 2013 ஜூலையோடு நின்றே போயிற்று, அம்மாவுக்கு இன்றைக்கும் சைக்கிள் மணி பிடிக்காது. அப்பாவுக்கு இந்த விஷயம் ஐம்பது வருடமாகத் தெரியாது. நான் அம்மாவைக் கேட்டபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல்தடவையாக அவரும் கேட்டார்.

அதனால் அம்மாவை, ஆச்சியைத் தனியாக ஒரு தடவை, இருவரையும் சேர்த்து ஒரு தடவை கேளுங்கள். லீவு எத்தனை நாள், பிள்ளை பிறந்தபோது அவர் எங்கே இருந்தார், மணியார்டர் வர லேட்டானால் என்ன செய்தீர்கள், லீவில் வந்த அப்பாவைப் பார்த்துப் பிள்ளை 'இது யாரு' என்று கேட்டதா? நம் மாவட்டத்தில் படிப்பு அந்தக் காலத்திலேயே நன்றாக இருந்ததால் பெண்கள் தாங்களே கடிதம் எழுதினார்கள், எழுதித்தர ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எழுதின கடிதங்கள் அவருடைய பெட்டியிலும், அவர் எழுதினவை பீரோவில் சேலைக்கு அடியிலும் இருக்கும். இரண்டையும் தேதிவாரியாகச் சேர்த்து அடுக்கிப் பாருங்கள். எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்பதை அவர்கள் இரண்டு பேரும்தான் சொல்ல வேண்டும்.

கூட்டாளிகளை ஒரு இடத்தில் சேர்ப்பது

நேரம் இருப்பது ஒன்றுக்குத்தான் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே யூனிட்டில், ஒரே கப்பலில் இருந்த இரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வையுங்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. குரூப் போட்டோவில் இருந்து தொடங்கி, இவர் எந்த ஊர், அவர் எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் கேன்டீனுக்கும் அப்பா போகும்போது கூடப் போனால் அங்கே வரிசையில் நிற்கிறவர்களே 'அவன் இப்ப கருங்கல்ல இருக்கான்' என்று சொல்லிவிடுவார்கள். கிறிஸ்மஸ், ஓணம் சமயத்தில் வெளியூர் போனவர்களும் ஊரில் இருப்பார்கள். நேவிக்காரர்கள் என்றால் டிசம்பர் 4 நேவி டே, கராச்சியைத் தாக்கிய நாள், அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. டிசம்பர் 7 கொடிநாள், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் இரண்டும் எல்லாப் படைக்கும் பொது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களைக் குளச்சல் வெற்றித்தூணுக்கோ உதயகிரி கோட்டைக்கோ கூட்டிப் போகலாம். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர்ப் படையின் வழி வந்த பட்டாலியன்கள் அந்த ரெஜிமென்டில் இருக்கின்றன, அன்றைக்குப் பிடிபட்டுப் பின்னால் அதே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சு அதிகாரி டிலனாயின் கல்லறை கோட்டைக்குள்ளே இருக்கிறது. வயதானவர்கள் நாற்காலியில் இருப்பதைவிட நடக்கும்போது நன்றாகப் பேசுவார்கள், இது நான் பல தடவை பார்த்தது.

மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். நாலு நாற்காலி, டீ, ரசவடை, நேந்திரம்பழ பஜ்ஜி போதும். இரண்டு போன் வைத்துப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

கல்யாண வீட்டு ஷிப்மேட்டான மார்த்தாண்டத்து மாமாவையும் அப்பாவையும் அப்படி உட்கார வைத்தேன். விக்ராந்தின் பாய்லர்களில் ஒன்றில் விரிசல், அதனால் முழு வேகத்தில் ஓட்ட முடியாத நிலையில்தான் அந்தக் கப்பல் போருக்குப் போனது, டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய ஸீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. இது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் பார்த்தது வேறு. 'எந்த வால்வு முதல்ல?' என்று மாமா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காற்றில் ஒரு சக்கரத்தைத் திருப்பினார். மாமாவும் அதே உயரத்தில், அதே பக்கமாகத் திருப்பினார். ஆளுக்கு மூன்று சுற்று, இரண்டு பேர் கையும் ஒரே இடத்தில் நின்றது. அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தார்கள். பதிவில் அந்த இடத்தில் டம்ளர் சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்படி வரும் என்று தெரிந்திருந்தால் வீடியோ எடுத்திருப்பேன், நீங்கள் எடுங்கள்.

நான்கு பேர் சேர்ந்தால் வருடம், இடம், ஆள் பெயர் எல்லாம் மாறி மாறி வரும், சண்டைகூட வரும். நடுவில் புகுந்து திருத்த வேண்டாம். யார் சொன்னது சரி என்பதைப் பிறகு டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப் பார்க்கலாம்.

பேசாதவர்கள்

சிலர் பேசமாட்டார்கள். 1987-லிருந்து 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். தாங்கள் பேசுகிற அதே தமிழில் அங்கே எதிரே நின்றவர்களும் பேசினார்கள் என்பதை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. அவர்களை வற்புறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகள் 'எத்தனை பேரைச் சுட்டீங்க பாட்டா' என்று கேட்காமல் முன்னாலேயே சொல்லி வையுங்கள். குரல் தழுதழுத்தால் பதிவை நிறுத்தி, நிறுத்திவிட்டேன் என்று போனைக் காட்டுங்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். ஒருவர் என்னிடம் மூன்று தடவை ஒன்றும் சொல்லவில்லை, நாலாவது தடவை நான் கேட்காமலேயே ஒரு கிணற்றடியைப் பற்றிச் சொன்னார். அதைப் பதிவு செய்யவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

அவர் இல்லையென்றால்

ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், காகிதமும் இல்லை என்றால் அவர் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, நேவி மாலுமிகளுக்கு மும்பையில் இருக்கிற பீரோ ஆஃப் செயிலர்ஸ், விமானப் படைக்கு டெல்லி. நம்பர், பெயர், ரேங்க், சேர்ந்த வருடம், உங்கள் உறவு இவ்வளவும் எழுத வேண்டும். நம்பர் தெரியாவிட்டால் பென்ஷன் காகிதத்திலோ, பெட்டி மூடியிலோ, பழைய கடித உறையிலோ இருக்கும். பெயரை அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வீட்டுப் பெயரை முன்னால் போட்டு, இன்ஷியலை விரித்து, இன்னும் எப்படி எப்படியோ. அதனால் நாலைந்து விதமாக எழுதிக் கேளுங்கள். நாகர்கோவில் நல அலுவலகம் வழியாகப் போனால் கடிதம் சரியான இடத்துக்குப் போகும். தொலைந்த பதக்கத்துக்குப் பணம் கட்டி வேறு வாங்கவும் வழி உண்டு.

சண்டையில் இறந்தவர் என்றால் டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் கல்லில் பெயர் இருக்கும், போகிறவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கல்லைப் படம் பிடித்துவரச் சொல்லுங்கள். உலகப் போர்களில் இறந்தவர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். அவருடைய பதக்கங்களை அஞ்சலி நிகழ்ச்சிக்கு நீங்கள் அணிந்து போவதானால் வலது மார்பில் குத்துங்கள், இடது மார்பு சம்பாதித்தவருக்கு.

பத்திரம்

பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆர்டர், டிஸ்சார்ஜ் புக், ஆதார், பேங்க் புக் இவற்றின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. பென்ஷன்காரர்களைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்களுக்கு அந்த நம்பர்கள் போதும். பதக்கத்தின் படம் போடலாம், விளிம்பு தெரியாமல் போடுங்கள். பதிவுகளை ஒரு பென் டிரைவில் நம் வீட்டிலும், இன்னொன்றில் வேறு ஊரில் இருக்கிற அக்காவோ தம்பியோ வீட்டிலும் வையுங்கள். கடற்கரைக்காரர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். படத்துக்கும் பதிவுக்கும் பெயர் வைக்கும்போது வருடம், இடம், ஆள் என்ற வரிசையில் வைத்தால் தேடுவது சுலபம். குரூப் போட்டோ கிடைத்தால் அதில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுங்கள். போன இடத்தில் எல்லாம் பதிலுக்கு அவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், எங்களுக்கு அப்பாவின் பதினொரு போட்டோ அப்படித்தான் திரும்பி வந்தது.

பெட்டி இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். நாங்கள் நாகர்கோவிலில் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, அந்தப் பதினொரு போட்டோவையும் பட்டர் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்தோம். மேலே பெயர் எழுத ஆர்ட்டிஸ்டைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அப்பா பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, எதையும் பார்க்காமல், முதலில் நம்பரை எழுதினார்.